ஒசாகாவா, ஹிமேஜியா? கோட்டைக்கு ஒரே நாள்தான் என்றால்

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஒசாகாவில் தங்கும் மூன்று நான்கு நாட்களில் ஒரு நாளைக் கோட்டைக்கென்று ஒதுக்குவது வழக்கம். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. நகரத்தின் நடுவிலேயே ஒசாகா கோட்டை இருக்கிறது, ரயிலில் போய் இறங்கினால் வேலை முடிந்தது. மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் ஹிமேஜி இருக்கிறது, யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது, ஆனால் அரை நாளுக்கு மேல் தின்றுவிடும். எதற்குப் போவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒசாகாவில் கோபுரத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டாம், பூங்காவில் நடங்கள். ஹிமேஜிக்குப் போனால் டிக்கெட் வாங்காமல் திரும்பாதீர்கள். இந்த இரண்டுக்கும் விதிவிலக்கு உண்டு, முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கணக்கே தலைகீழாகிவிடும். அதையும் பார்ப்போம்.

ஒசாகாவில் இன்று நிற்கும் நடுக்கோபுரம் 1931இல் கட்டிய கான்கிரீட் கட்டடம். இது தெரியாமல் போய், உள்ளே லிஃப்டைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. அன்று ஜப்பானை ஆண்ட டொயோடொமி ஹிதெயோஷி 1583இல் இங்கே கட்டத் தொடங்கிய கோட்டை 1615ஆம் ஆண்டுப் போரில் எரிந்துபோனது. வென்ற டோகுகாவா வம்சத்தார் அதன் மேல் மண்ணைக் கொட்டி மூடிவிட்டு, 1620இலிருந்து பத்தாண்டு காலம் உழைத்துப் புதுக்கோட்டை எழுப்பினார்கள். அவர்கள் கட்டிய கோபுரம் 1665இல் இடி விழுந்து எரிந்தது. அதற்குப் பிறகு 266 ஆண்டுகள் அந்த மேடையில் கோபுரமே கிடையாது. மேயர் செகி ஹஜிமே காலத்தில் நகர மக்கள் நன்கொடை திரட்டினார்கள், 15 லட்சம் யென் சேர்ந்தது. அதில் ஒரு பகுதியில் கோபுரம் எழுந்தது. வளாகத்தை வைத்திருந்த ராணுவம் லேசில் இடம் கொடுக்குமா? நன்கொடைப் பணத்தின் பெரும்பங்கு ராணுவத்துக்குப் புதிய தலைமையகம் கட்டித் தருவதில் போனது. கோபுரத்துக்கு எதிரே ஐரோப்பியச் சாயலில் நிற்கிறதே, அந்தப் பழுப்புக் கட்டடம்தான் அது. இப்போது மிராய்ஸா என்ற பெயரில் கடைகளும் உணவகங்களுமாக இருக்கிறது.

கான்கிரீட் என்பதாலேயே இதைப் போலி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஹிதெயோஷியின் கோபுரம் நின்றது 30 ஆண்டு. டோகுகாவா கோபுரம் 40 ஆண்டுகூட நிற்கவில்லை. இந்தக் கான்கிரீட் கோபுரம் 90 ஆண்டைத் தாண்டிவிட்டது, உலகப்போரையும் பார்த்துவிட்டது. அதுவே ஒரு வரலாற்றுச் சின்னம்தான். தோற்றம் மட்டும் ஒரு கலவை: மேல்தளம் ஹிதெயோஷி பாணியில் கறுப்பும் தங்கப் புலிகளும், கீழ்த்தளங்கள் டோகுகாவா பாணியில் வெள்ளை. இரு பகைவர்களை ஒரே கட்டடத்தில் அடுக்கிவைத்த குறும்பு எனக்குப் பிடிக்கும்.

ஆனால் உள்ளே போனால் அது ஓர் அருங்காட்சியகம். லிஃப்டில் ஐந்தாம் தளம், அங்கிருந்து படியேறி எட்டாம் தளத்தின் காட்சி மாடம், பிறகு ஒவ்வொரு தளமாகக் காட்சிப் பொருட்களைப் பார்த்தபடி இறங்குவது. 2025 ஏப்ரலில் கட்டணத்தை 600 யெனிலிருந்து 1,200 ஆக்கினார்கள். மண்ணில் புதைந்த ஹிதெயோஷி காலக் கற்சுவரைத் தோண்டி நிலத்தடியில் பார்வைக்கு வைத்திருக்கும் புதிய கூடமும் அதே டிக்கெட்டில் சேரும். அந்தச் சுவருக்காகவே போகலாம் என்று சொல்லும் வரலாற்றுப் பித்தர்களை நான் தடுக்கமாட்டேன். 1615 போரை வரைந்த புகழ்பெற்ற மடிப்புத்திரை இந்தக் கோட்டையின் உடைமை. அதன் ஒரு பாதியில் படைகள் மோதுகின்றன, மறு பாதியில் ஊர் மக்கள் மூட்டை முடிச்சோடு ஓடுகிறார்கள், வழியில் வழிப்பறிக்கு ஆளாகிறார்கள். வென்றவர் பக்கம் நின்று வரையச் சொன்ன ஓவியத்தில் தோற்ற ஊரின் அவலம் இவ்வளவு இடம் பிடித்திருப்பது ஆச்சரியம்தான். அந்தத் திரையை விளக்கும் படக்காட்சியும் பொம்மைப் படைகளும் உள்ளே உண்டு. இதெல்லாம் ஆர்வம் இல்லாதவர்களுக்கு 1,200 யென் வீண். மேலிருந்து தெரியும் நகரக் காட்சி வேறு உயரக் கட்டடங்களிலிருந்தும் கிடைக்கும்.

ஒசாகாவில் உண்மையான பழமை கற்களில் இருக்கிறது, அவற்றைப் பார்க்கக் காசு வேண்டாம். இரண்டு வரிசை அகழிகள், அகழியின் அடியிலிருந்து 30 மீட்டருக்கும் மேல் எழும் சுவர்கள். மேற்கு ஜப்பானின் குறுநில மன்னர்கள் எல்லோரும் கல் கொண்டுவர வேண்டும் என்பது டோகுகாவாவின் கட்டளை. செலவு செய்தே அவர்கள் ஓட்டாண்டியாகட்டும், படை திரட்டக் கையில் காசு இருக்கக் கூடாது என்ற உள்நோக்கமும் அதில் இருந்தது. கற்களில் செதுக்கிய வீட்டுச் சின்னங்களை இன்றும் தேடிப் பார்க்கலாம். சகுரா வாயிலுக்குள் நுழைந்ததும் எதிரே நிற்கும் ‘ஆக்டோபஸ் கல்’ ஏறத்தாழ 60 சதுர மீட்டர் முகப்பு கொண்டது, எடை 108 டன் என்று மதிப்பிடுகிறார்கள். கொண்டுவந்து நிறுத்தியவர் ஒக்காயாமாவின் பிரபு இகெதா தடாவோ. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஹிமேஜியில் இவருடைய அப்பாவைச் சந்திப்போம்.

பூங்காவின் பரப்பு 105 ஹெக்டேர். கோபுரம் திறந்த அதே 1931இல்தான் இதுவும் மக்கள் பூங்காவானது. ஆனால் அப்போது திறந்தது சிறு பகுதிதான், கிழக்கே முழுக்க ராணுவத்தின் ஆயுதத் தொழிற்சாலை. ஜப்பான் சரணடைவதற்கு முந்தைய நாள், 1945 ஆகஸ்ட் 14, அமெரிக்க விமானங்கள் அந்தத் தொழிற்சாலையைத் தரைமட்டமாக்கின. பக்கத்துக் கியோபாஷி ரயில் நிலையத்தில் ஒதுங்கியிருந்த பயணிகள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கோபுரத்தின் அடிமேடையில் குண்டு அதிர்ச்சியால் கற்கள் நகர்ந்த தடம் இன்றும் தெரிகிறது. இடிபாடாகக் கிடந்த அந்த நிலத்தில்தான் இப்போது மரங்களும் விளையாட்டுத் திடல்களும் இசை அரங்கமும் இருக்கின்றன. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை போகிறவர்களுக்கு இங்கே ஒரு பரிசு உண்டு: செர்ரிப் பூவான சகுராவுக்கு முன்பே பூக்கும் உமே என்ற பிளம் தோப்பு, 1,200க்கும் அதிகமான மரங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். சகுராவுக்கு நல்ல இடம் நிஷினோமாரு தோட்டம், அதற்கு மட்டும் சிறு கட்டணம் உண்டு.

ஒரு சுவையான செய்தி. கோபுரத்துக்கு முன்னால் உலோகக் கவசமிட்ட ஒரு மேடையைப் பார்ப்பீர்கள். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியின் நினைவாகப் புதைத்த காலப்பேழை அது. திறக்க வேண்டிய ஆண்டு 6970. இரண்டு பேழைகளில் மேலே உள்ளதை மட்டும் நூறாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குத் திறப்பதாக ஏற்பாடு, 2000இல் ஒருமுறை திறந்து மூடினார்கள். 40 ஆண்டு தாங்காத கோபுரம் எரிந்த இடத்தில் 5,000 ஆண்டுக்குத் திட்டம்!

இனி ஹிமேஜி. ரயில் நிலையத்தின் வடக்கு வாசலுக்கு வந்ததுமே நேர் சாலையின் முடிவில் வெள்ளையாகக் கோட்டை தெரியும். சுமார் ஒரு கிலோமீட்டர், 20 நிமிட நடை. ஒசாகாவில் இறந்துபோனதெல்லாம் இங்கே உயிரோடு இருக்கிறது. இகெதா தெருமாசா 1601இல் தொடங்கி 1609இல் முடித்த மரக்கோபுரம் அப்படியே நிற்கிறது. ஆக்டோபஸ் கல்லைக் கொண்டுவந்த தடாவோவின் அப்பா இவர்தான். 1993இல் ஹோர்யுஜி கோயில் கட்டடங்களோடு சேர்ந்து ஜப்பானின் முதல் உலக மரபுச் சின்னங்களில் ஒன்றாகப் பட்டியலில் ஏறியது.

இது தப்பிப் பிழைத்த கதையைக் கேட்டால் சிரிப்பதா பெருமூச்சு விடுவதா என்று தெரியாது. சாமுராய் ஆட்சி முடிந்த கையோடு கோட்டைகளை ஏலம் விட்டபோது ஹிமேஜி 23 யென் 50 சென்னுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். வாங்கியவருக்கு இடிக்கிற கூலி கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டார். பிறகு நகமுரா ஷிகெதோ என்ற ராணுவக் கர்னல் இதைக் காப்பாற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார், அவருக்கு உள்ளே நினைவுக்கல் இருக்கிறது. 1945 ஜூலையில் ஊர் எரிந்தபோது கோபுரத்தின் மேல்தளத்தில் விழுந்த தீக்குண்டு பற்றவே இல்லை.

‘அசல்’ என்று சொல்லும்போது ஒரு நேர்மையும் வேண்டும். தன் பாரத்தாலேயே சாய்ந்துகொண்டிருந்த கோபுரத்தை 1956 முதல் 1964 வரை முழுவதுமாகப் பிரித்து, அடியில் கான்கிரீட் அடித்தளம் போட்டு, மரம் மரமாகத் திரும்பக் கோத்தார்கள். உள்ளே தரையிலிருந்து உச்சி நோக்கிப் போகும் இரண்டு பெருந்தூண்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 மீட்டர். மேற்குத் தூண் உளுத்துப்போயிருந்தது. மாற்றுவதற்குக் கிசோ மலையில் வெட்டிய சைப்ரஸ் மரம் கொண்டுவரும் வழியில் முறிந்தது. வேறொரு கோயில் வளாகத்து மரத்தை எடுத்து அதனோடு ஒட்டுப்போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். மூன்றாம் தளத்தில் அந்த ஒட்டைப் பார்க்கலாம். அதை நின்று பாருங்கள், வழிகாட்டிப் பலகைகளைவிட அது அதிகம் சொல்லும். 2009இல் தொடங்கிய அடுத்த பழுதுபார்ப்பு முடிந்து 2015 மார்ச்சில் திறந்தபோது, சுண்ணம் பளீரென்று இருந்ததைப் பார்த்து ஊர்க்காரர்களே ‘ரொம்ப வெள்ளைக் கோட்டை’ என்று கிண்டலடித்தார்கள். இப்போது கொஞ்சம் மங்கி, சரியான நிறத்துக்கு வந்திருக்கிறது.

ஹிமேஜியின் சிறப்பு கோபுரத்தில் பாதி, அதற்குப் போகும் வழியில் பாதி. ஹிஷி வாயிலைத் தாண்டியதும் பாதை வளைகிறது, ஏறுகிறது, சில இடத்தில் கோபுரத்தைவிட்டு விலகிக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு வாயிலும் முந்தையதைவிடக் குறுகல். சுவரில் வட்டம், முக்கோணம், சதுரம் என்று துளைகள், அம்புக்கும் துப்பாக்கிக்கும். எதிரிப் படைக்குச் செய்த இந்த ஏற்பாடு இன்றைக்கு மூச்சு வாங்கும் சுற்றுலாப் பயணியையும் நன்றாகவே கட்டுப்படுத்துகிறது. கோபுரத்துக்குள் நாற்காலி மேசை, அரியணை எதையும் எதிர்பார்க்காதீர்கள். வெறும் மரம், அரை இருட்டு, ஈட்டி துப்பாக்கி மாட்டும் கொக்கிகள், உச்சியில் ஒரு சின்னக் கோயில். நம்மூர் அரண்மனைகளைப் போல அலங்காரம் தேடிப் போகிறவர்கள் ‘இவ்வளவுதானா?’ என்பார்கள். கட்டடமே காட்சி என்று தெரிந்து போனால் ஒவ்வொரு உத்தரமும் பேசும்.

இரண்டு கோட்டைக்கும் பொதுவான ஒரு பெண்ணை இங்கே சொல்லியாக வேண்டும். சென்ஹிமே, டோகுகாவா இயேயசுவின் பேத்தி. ஏழு வயதில் ஒசாகாவுக்கு மருமகளாக அனுப்பினார்கள், கணவன் ஹிதெயோஷியின் மகன் ஹிதெயோரி. 1615இல் தாத்தாவின் படையே கணவன் வீட்டைக் கொளுத்தியது. எரியும் கோட்டையிலிருந்து அவள் மட்டும் வெளியே வந்தாள், கணவனும் மாமியாரும் உள்ளேயே மாண்டார்கள். அடுத்த ஆண்டு ஹோண்டா தடாதோகியை மணந்து, பின் ஹிமேஜிக்கு வந்தாள். அவளுக்காக எழுந்ததுதான் மேற்குக் கொத்தளத்து மாளிகை. மாளிகை இல்லை, பணிப்பெண்கள் தங்கிய நீண்ட நடைக்கூடமும் அவளுடைய ஒப்பனை மாடமும் இருக்கின்றன. கோபுரத்துக்கு எடுத்த டிக்கெட்டிலேயே இதையும் பார்க்கலாம், ஆனாலும் பாதிப் பேர் நேரே கோபுரத்துக்கு ஓடிவிட்டு இதைத் தவறவிடுகிறார்கள். கூட்டம் இல்லாத இடம், படியும் குறைவு.

பூங்கா என்று பார்த்தால் ஹிமேஜி பின்தங்குகிறது. டிக்கெட் இல்லாமல் போகக்கூடிய சன்னோமாரு புல்வெளி அழகுதான், கோபுரத்தைப் படமெடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை, சகுரா காலத்தில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருப்பார்கள். ஆனால் மணிக்கணக்கில் நடந்து தொலைந்துபோக அங்கே இடமில்லை. பக்கத்தில் கொக்கோஎன் என்ற தோட்டம் இருக்கிறது, 1992இல் திறந்தது, பழைய சாமுராய் வீட்டுமனைகளின் இடத்தில் ஒன்பது சிறு தோட்டங்கள். நவம்பர் கடைசியில் இலை சிவக்கும்போது மட்டும் அவசியம் பாருங்கள். வளாகத்திலேயே ஒரு சிறு விலங்குக்காட்சிச் சாலையும் உண்டு, குழந்தை அடம்பிடித்தால் பார்க்கலாம்.

செலவில் வித்தியாசம் பெரிது. ஹிமேஜியில் 1,000 யெனாக இருந்த கட்டணம், 2026 மார்ச் முதல் வெளியூர்க்காரர்களுக்கு 2,500. ஊர்க்காரர்களுக்குப் பழைய விலை, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். ஒசாகா நிலையத்திலிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) சிறப்பு விரைவு ரயிலில் ஒரு வழிக்குச் சுமார் 1,500 யென், ஒரு மணி நேரம். ஆக ஒரு தம்பதிக்கு ரயிலும் நுழைவும் சேர்த்து 11,000 யென் ஆகும். ஒசாகாவில் பூங்கா மட்டும் என்றால் சுரங்க ரயில் டிக்கெட்டோடு முடிந்தது. பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு இந்த இடைவெளி அவ்வளவு பெரிதாகத் தெரியாது, பிள்ளைகளுக்கு நுழைவு இலவசம் என்பதால்.

ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலைப் பிடித்தால் ஷின்-ஒசாகாவிலிருந்து அரை மணி நேரம், காசு இரு மடங்கு. ஆனால் ஹிரோஷிமாவுக்கு எப்படியும் போகப்போகிறவர்களுக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது: ஹிமேஜியில் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறி, காலையில் இறங்கி, நிலையத்து லாக்கரில் பெட்டிகளைப் போட்டுவிட்டு, கோட்டை பார்த்து, மதியத்துக்கு மேல் அடுத்த வண்டி. இப்படிச் செய்தால் ஹிமேஜிக்கென்று தனி நாளே வேண்டாம்.

அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இதுவரை சொன்னதைக் கொஞ்சம் மறந்துவிட வேண்டும். ஹிமேஜிக் கோபுரத்தில் லிஃப்ட் கிடையாது. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, ஏணி போன்ற மரப்படிகளில் ஆறு தளம் ஏற வேண்டும். நடுவில் வேண்டாமென்று திரும்புவதும் சங்கடம், பின்னால் வரிசை வந்துகொண்டே இருக்கும். குளிர்காலத்தில் பலகைத் தரை ஜில்லென்று ஏறும், கனத்த காலுறை வேண்டும். ஆகஸ்ட்டில் உள்ளே வெக்கை. குழந்தையின் தள்ளுவண்டியை மேலே கொண்டு போக வழியில்லை. இவர்களோடு போகிறீர்களென்றால் ஒசாகாதான். அங்கே 1,200 யென் கொடுத்து உள்ளே போவதிலும் தப்பில்லை, லிஃப்ட் இருக்கிறது, பூங்காவுக்குள் சுற்றிவரச் சிறு மின்வண்டி இருக்கிறது, உட்கார நிழலும் பெஞ்சும் இருக்கின்றன. பழைய கல்மேடையை ஒட்டி வெளியேயும் ஒரு லிஃப்ட் வைத்ததை அவலட்சணம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. எழுபது வயதுப் பெற்றோருடன் போய் நின்று பார்த்தால் அந்தக் கோபம் வராது.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, யாரும் கேட்காமலேயே நான் சொல்வது. ஹிமேஜி போகும் அதே ரயில் அகாஷியில் நிற்கும். நடைமேடையில் நின்றபடியே எதிரே நீண்ட கற்சுவரும் அதன் இரு முனைகளில் இரண்டு வெள்ளைக் காவல் மாடங்களும் தெரியும். 1619இல் கட்டிய அகாஷி கோட்டை அது. கோபுரத்துக்கு மேடை போட்டார்கள், கோபுரத்தைக் கட்டவே இல்லை. வளாகம் முழுவதும் இன்று மாநிலப் பூங்கா, குளம், பேஸ்பால் திடல், இலவசம். 1995 நிலநடுக்கத்தில் சேதமான மாடங்களையும் சுவரையும் சரிசெய்திருக்கிறார்கள். இதற்கென்று ஒரு நாள் வேண்டாம். ஹிமேஜியிலிருந்து திரும்பும்போது ஒரு மணி நேரம் இறங்கி, உள்ளூர்க்காரர்களின் மாலைப் பொழுதைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அகாஷியின் பெயர்பெற்ற முட்டை உருண்டைக்குள் ஆக்டோபஸ் இருக்கும், தொட்டுக்கொள்ளும் ரசத்தில் மீன் சாறு. கோட்டைக்குப் போகும் நாளில் கடையில் உமே வைத்த சோற்றுருண்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கால் திடமாக இருக்கிற, ஒரே நாள் கையில் உள்ளவர்களுக்கு நான் போட்டுத்தரும் திட்டம் இதுதான். காலை ஏழரைக்கு ஒசாகாவில் ரயில் ஏறுங்கள். ஒன்பது மணிக்கு ஹிமேஜியில் கதவு திறக்கும்போது வாசலில் இருங்கள், சகுரா வாரத்தில் பத்தரைக்குமேல் வந்தால் கோபுரத்துக்கு வரிசை நகராது. கோபுரம், மேற்குக் கொத்தளம், புல்வெளியில் சாப்பாடு. இரண்டு மணி வண்டியில் திரும்பினால் நாலு மணிக்குள் வட்ட ரயில் பாதையில் ஒசாகாஜோகோஎன் நிலையத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து உமே தோப்பு, உள் அகழி, ஆக்டோபஸ் கல், ஒதே வாயில் வழியாக வெளியேறித் தனிமாச்சி பக்கம். நுழைவுச் சீட்டு கிடையாது, பூங்காவுக்குப் பூட்டும் கிடையாது, இருட்டியதும் கோபுரத்துக்கு விளக்குப் போடுவார்கள். இதையே திருப்பிப் போட்டு, காலையில் ஒசாகா மாலையில் ஹிமேஜி என்று வைத்துக்கொள்ளாதீர்கள்: ஹிமேஜியில் வழக்கமாக நாலு மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். டிசம்பர் 29, 30 இரண்டு நாளும் அங்கே விடுமுறை. ஒசாகா கோபுரம் டிசம்பர் 28 முதல் ஜனவரி 1 வரை மூடியிருக்கும், பூங்கா அப்போதும் திறந்தே இருக்கும்.